கருத்தரிக்கும் முன்பே பேசுவோம்: தோட்டப்புற கிளினிக்கில் மரபணு ஆலோசனை தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரு பெண் தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி கிளினிக்கில் முதன்முதலாகப் பேசுவது, பெரும்பாலும் நாள் தள்ளிப்போய் இரண்டு மூன்று மாதம் ஆன பிறகுதான். கர்ப்பகாலப் புத்தகம் போட வருகிறாள். எடை பார்க்கிறோம், இரத்தம் எடுக்கிறோம், மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அவள் நம் முன்னால் வந்து உட்காரும்போது அந்த வேலை முடிந்து பல வாரம் ஆகிவிட்டது. கணவன் மனைவி இருவருமே தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கேரியர்கள் (தங்களுக்கு நோய் இல்லாமல், அந்த மரபணுவைச் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர்கள்) என்று அன்றைக்குத் தெரியவந்தால், நிதானமாக யோசிக்க அவர்களுக்கு நேரமே இருக்காது.

நம் நாட்டுச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குற்றவியல் சட்டத்தின் 312-ஆவது பிரிவுப்படி, கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஏற்படும் கேடு, கர்ப்பத்தைக் கலைப்பதால் வருவதைவிட அதிகம் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் மட்டுமே கலைக்கலாம். வயிற்றில் உள்ள குழந்தைக்கு நோய் என்பது அந்தப் பிரிவில் தனிக் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆக, ஒரு தம்பதிக்கு முன்னால் இருக்கிற வழிகள் எல்லாம் திறந்திருப்பது கரு உண்டாவதற்கு முன்னால்தான். இந்தப் பேச்சை முன்னுக்குக் கொண்டுவர இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் மிசிகளுக்கும் (தாதியர்), மருத்துவ உதவி அதிகாரிகளுக்கும், தோட்டத்து டிரசர்களுக்கும், கோயில், மகளிர் அமைப்புகள் வழியாக உதவ வரும் தொண்டர்களுக்கும். நீங்கள் மரபணு நிபுணர் ஆக வேண்டியதில்லை. யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பது, புரியும்படி விளக்குவது, சரியான இடத்துக்கு அனுப்புவது, அனுப்பிய பிறகு கைவிடாமல் இருப்பது, இவ்வளவுதான் உங்கள் வேலை. மருந்து எழுதுவதும் பரிசோதனை முடிவுக்குப் பொருள் சொல்வதும் மருத்துவர் வேலை.

முதல் படி: ஆளைத் தேடிப் போவது

சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். தனக்கு நோய் ஒன்றும் இல்லை, வயிற்றில் பிள்ளையும் இல்லை, அப்புறம் எதற்குக் கிளினிக் என்றுதான் ஒரு பெண் நினைப்பாள். அதுவும் நாள் சம்பளக்காரியாக இருந்தால், காரணம் இல்லாமல் ஒரு நாள் வேலையை விடமாட்டாள்.

அவள் ஏற்கெனவே வருகிற இடங்களிலேயே பேச்சைத் தொடங்குங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் தாய், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்க வருபவர், மாமியாரின் நீரிழிவு மாத்திரைக்குத் துணையாக வரும் மருமகள், எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'அடுத்த ஒரு வருசத்துல பிள்ளை பெத்துக்கிற எண்ணம் இருக்காம்மா?' இருக்கிறது என்றால் மேலே பேசுங்கள். இல்லை என்றால் பாதுகாப்பான கருத்தடை இருக்கிறதா என்று கேளுங்கள். 'தெரியல' என்பவர்களிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் திட்டமிடாமல் கரு உண்டாவது இவர்களுக்குத்தான்.

தோட்டத்துக்குள் போவதாக இருந்தால் நேரம் பார்த்துப் போங்கள். விடியற்காலைப் பெரட்டு நேரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. செம்பனைக் குலை வெட்டும் வேலை பிற்பகலில் முடியும். குளித்துச் சமைத்து ஓய்ந்த பிறகு, சாயங்காலம்தான் நல்ல நேரம். முந்தைய மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம். சம்பளம் வந்ததும் வரும் ஓய்வு நாளில் குடும்பங்கள் சாமான் வாங்க டவுனுக்கு வரும். பசார் பக்கம் ஒரு மேசை போட்டால் கணவனையும் மனைவியையும் சேர்த்தே பார்க்கலாம். இந்த வேலையில் கணவன் வருவது மிகவும் முக்கியம். இரத்தம் இருவரிடமிருந்தும் வேண்டும். மனைவியை மட்டும் கூப்பிட்டால் குறை அவளுடையது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆடி மாதத்தை விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணிக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிற ஜோடிகள் அந்த மாதம் கோயில் கூழ் ஊற்றுக்கு வருவார்கள். தலசீமியா கேரியர்களைக் கண்டுபிடிக்கிற ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையின் முடிவு வரச் சில வாரம் ஆகலாம் என்பதால், அதற்கும் இந்த இடைவெளி உதவும். கோயில் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, பூசைக்கு அப்புறம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பூசாரியோ சாமி ஆடுபவரோ 'இது தோஷம்' என்று சொல்லியிருந்தால் அதை மறுத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பரிகாரம் அவர்கள் செய்யட்டும், இரத்தப் பரிசோதனை நாம் செய்வோம். ஒன்று மற்றொன்றுக்குத் தடை இல்லை.

இரண்டாம் படி: பேசுகிற இடம்

லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். தோட்டத்தில் ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஏதோ குறை என்று செய்தி பரவினால், அவளுக்கு மட்டும் இல்லை, அவள் தங்கைக்கும் சம்பந்தம் வருவது நின்றுபோகும். அந்தப் பயம் நியாயமான பயம். ஆகவே குடும்ப விவரம் கேட்பதையும் முடிவு சொல்வதையும் கதவு மூடிய அறையில்தான் செய்ய வேண்டும். பொது இடத்தில் பேசுவது பொதுவான செய்தியோடு நிற்கட்டும்.

மொழி தெரியவில்லை என்று மண்டோரின் (வேலைக் கண்காணி) மனைவியையோ, பக்கத்து வீட்டுக்காரியையோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மண்டோர் வீட்டுக்குப் போகிற செய்தி வேலையையே பாதிக்கும். தமிழ் தெரிந்த சக ஊழியர் வேறு கிளினிக்கில் இருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். வேற்று நாட்டுத் தொழிலாளர்களை மணந்த பெண்களும், இந்தியாவிலிருந்து மருமகளாக வந்தவர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த மொழியில் பேசினால் வசதி என்று முதலிலேயே கேளுங்கள்.

மாமியார் கூட வந்திருந்தால் விரட்டக் கூடாது. குடும்பத்துப் பழங்கதை அவருக்குத்தான் தெரியும், அவர் ஆதரவு இல்லாமல் மருமகள் மறுபடி வரவும் மாட்டாள். முதலில் எல்லாரையும் வைத்துப் பேசுங்கள். அப்புறம் 'எடை பார்க்கணும், இரத்த அழுத்தம் பார்க்கணும்' என்று பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். கரு கலைந்தது, கலைத்தது, முந்தைய உறவு, வீட்டில் அடி உதை, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதைப் புகுந்த வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பது, இதெல்லாம் தனியாக இருக்கும்போதுதான் வெளியே வரும்.

மூன்றாம் படி: குடும்ப மரம் வரைவது

நம்மிடம் இருக்கிற பரிசோதனைகளிலேயே விலை இல்லாததும் சக்தி மிக்கதும் இதுதான். ஐசி கேட்காது, கட்டணம் கேட்காது, ஊசியும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தவருக்கு உள்ளே நிரப்பிவிடுங்கள். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. கரு கலைந்திருந்தால் சின்ன முக்கோணம். கணவன் மனைவிக்கு இடையில் ஒரு கோடு, இரத்த உறவில் மணம் என்றால் இரட்டைக் கோடு. யாருக்காக வரைகிறோமோ அவருக்கு ஓர் அம்புக்குறி. மூன்று தலைமுறை வேண்டும்: தம்பதியும் கூடப்பிறந்தவர்களும் (பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கீழே), இரு பக்கத்துப் பெற்றோரும் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களும், பிறகு தாத்தா பாட்டிமார்கள்.

கேட்கும்போது 'குடும்பத்துல பரம்பரை வியாதி இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்றே பதில் வரும், ஏனென்றால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் அவர்களுக்குப் பரம்பரை வியாதி. சின்ன வயதில் செத்துப்போன தாய்மாமனை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பிறந்து சில நாளில் அல்லது ஒரு வயதுக்குள் போன பிள்ளைகள் உண்டா? மாதா மாதம் இரத்தம் ஏற்றிக்கொண்டவர் யாராவது? நடந்துகொண்டிருந்த பையன் ஏழெட்டு வயதில் நடை தடுமாறி, அப்புறம் எழவே முடியாமல் போனானா? பல் பிடுங்கினால், சுன்னத்து செய்தால் இரத்தம் நிற்காமல் போன ஆண்கள்? காது கேட்காதவர், பேச்சு வராதவர், பள்ளிக்கூடம் போக முடியாதவர்? மூன்று தடவைக்கு மேல் கரு தங்காதவர்? முதுகில் கட்டியோடு பிறந்த பிள்ளை?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. நடை தடுமாறிய பையன் டுஷேன் தசைச் சிதைவாக இருக்கலாம், இரத்தம் நிற்காதவர் ஹீமோபிலியாவாக இருக்கலாம். இவை தாய் வழியாக வருபவை. தாய் கேரியர் என்றால் பிறக்கிற ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகள் கேரியராக இருக்கவும் அதே வாய்ப்பு. எனவே இந்த நோய்களுக்கு அந்தப் பெண்ணுடைய அம்மாவின் கூடப்பிறந்த ஆண்களைப் பற்றித் துருவிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 'அண்ணன்' என்றால் பெரியப்பா மகனும் அண்ணன்தான், 'மாமா' என்றால் அத்தை வீட்டுக்காரரும் மாமாதான். தாளில் போடும் முன் ஒவ்வொருவருக்கும் 'உங்க அம்மா வயித்துல பிறந்தவரா?' 'உங்க அம்மாவோட கூடப்பிறந்தவரா?' என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. தாளை அவர்கள் கையில் கொடுத்து, பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பச் சொல்ல வேண்டாம், அது குடும்பக் குழுவுக்கும் போய்விடும்.

நான்காம் படி: சொந்தத்தில் கல்யாணம்

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்வது நம் குடும்பங்களில் பழக்கம். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்வதைத் தடுக்கிற 11-ஆவது பிரிவிலேயே, இந்து வழக்கப்படி தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் முகம் சுளித்துக் கேட்கக் கூடாது. புதிதாக வருகிற ஊழியர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். முகம் மாறினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது.

உள்ளபடி இருக்கிற கணக்கைச் சொல்லுங்கள். உறவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் சுமார் 3 பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஏதாவது பெரிய குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணந்தவர்களுக்கு அது 5, 6 ஆகக் கூடலாம். அதாவது 94, 95 பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். 'சொந்தத்துல கட்டினா பிள்ளை ஊனமாப் பொறக்கும்' என்று மிரட்டுவது பொய். 'ஒண்ணும் ஆகாது, நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் கட்டலையா' என்பதும் முழு உண்மை இல்லை. மாமன் அத்தை பிள்ளைகள் தங்களுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நாலில் ஒரு பங்கு. ஆகவே பின்னதில் அபாயம் இன்னும் கூடும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிவந்த குடும்பத்தில் அதைவிடவும் கூடலாம். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோய் தெரிந்திருந்தால் இந்தப் பொதுக் கணக்கு பொருந்தாது, அந்த நோய்க்கென்று தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்களைக் கட்டாயம் மருத்துவர் வழியாக மேலே அனுப்புங்கள்.

கல்யாணம் ஆகிவிட்டவர்களிடம் 'ஏன் கட்டினீங்க' என்ற கேள்விக்கு இடமே இல்லை. இனி என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் பேச்சு.

ஐந்தாம் படி: இரத்தம்

தலசீமியா மலாய்க்காரர், சீனர் நோய், நம்மவர்களுக்கு வராது என்று படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். நம்மிடையே குறைவுதான், ஆனால் இருக்கிறது. பீட்டா தலசீமியா கேரியர்கள் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடுகிற அரிவாள் செல் நோயும் மலேசிய இந்தியர்களிடம் பதிவாகியிருக்கிறது, குறிப்பாக ஒடிசா வழி வந்த தோட்டக் குடும்பங்களில். மலாய்க்காரர்களிடம் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபின் வகை பரவலாக உண்டு. ஒருவர் பீட்டா கேரியர், மற்றவர் ஹீமோகுளோபின் ஈ கேரியர் என்றால், பிள்ளைக்கு வருகிற நோய் சில நேரம் முழுத் தலசீமியா அளவுக்குக் கடுமையாக இருக்கும். எனவே கலப்புத் திருமணம் செய்தவர்களை 'சொந்தத்துல கட்டல, பயமில்ல' என்று விட்டுவிடக் கூடாது.

2016 முதல் இடைநிலைப்பள்ளிகளில் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. 2000-ஆம் ஆண்டிலும் அதன் பிறகும் பிறந்தவர்களிடம் 'படிவம் நாலுல இரத்தம் எடுத்தாங்களா, முடிவு எங்க?' என்று கேளுங்கள். பலர் எடுத்திருப்பார்கள், முடிவு என்னவென்று மறந்திருப்பார்கள். ஆனால் நாம் தேடிப் போகவேண்டியவர்கள் படிவம் நாலுக்குப் போகாமலே நின்றுவிட்டவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் அப்படி நின்றவர்கள் யார் என்று உங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பரிசோதனை இரண்டு கட்டம். முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் எம்.சி.எச். என்ற எண் (ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவு) 27 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் இரண்டாம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இங்கேதான் நம் பெண்களுக்கு ஒரு சிக்கல். இரும்புச்சத்துக் குறைவிலும் அந்த எண் இறங்கும். தோட்டத்துப் பெண்ணுக்கு இரத்தசோகை என்றால் 'சாப்பிடாம கெடக்கிறா' என்று இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், வருடக்கணக்கில் அதே மாத்திரை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லை என்றால் தலசீமியாவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இரும்புக் குறைவு பீட்டா கேரியர் அடையாளத்தைச் சில நேரம் மறைக்கவும் செய்யும். தலசீமியாவின் இன்னொரு வகையான ஆல்ஃபாவோ இரண்டாம் பரிசோதனையிலும் பிடிபடாமல் போகலாம், அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும். ஆகவே முடிவுத் தாளைப் பார்த்து நீங்களாகவே 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லிவிடாதீர்கள்.

சிவப்பணுக்களில் ஒரு நொதி குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைவைப் பற்றியும் கேட்பார்கள். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே அதைப் பார்த்துவிடுகிறார்கள். குடும்பத்தில் இருந்தால் தாளில் குறித்துவையுங்கள், பெரிய கவலை வேண்டாம்.

ஆறாம் படி: மரபணுவில் இல்லாதவை

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் பலனில் இதுதான் பெரியது. ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கரு உண்டாக முயற்சி செய்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆவது வாரம் வரை. முந்தைய பிள்ளைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர், நீரிழிவு உள்ளவர், வலிப்பு மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார்.

நீரிழிவு நம் இனத்தில் இளம் வயதிலேயே வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கரு உண்டானால் குழந்தையின் இதயமும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை 6.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு முயற்சி செய்வது நல்லது. அதுவரை கருத்தடை வேண்டும்.

மருந்துப் பையை முழுவதும் மேசையில் கொட்டச் சொல்லிப் பாருங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தைச் சாப்பிடும் தாய்மார்களின் பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பிரச்சினை வருகிறது. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் எதையும் அவளாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. மாற்றித் தரச் சொல்லி அதே வாரம் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வயதைப் பற்றி: டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 35 வயதில் சுமார் 350 பிள்ளைகளுக்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100-க்கு ஒன்று. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. ஆனால் குடும்பத்தில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை இருந்தால், குரோமோசோம் அறிக்கை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சிறு பங்கினருக்குப் பெற்றோரிடமிருந்து வரும் வகை உண்டு, அது அறிக்கையில் மட்டும்தான் தெரியும்.

ஏழாம் படி: முடிவைச் சொல்வது

இருவரில் ஒருவர் மட்டும் கேரியர் என்றால்: 'உனக்கு நோய் இல்லம்மா. நீ வேலை செய்யலாம், பிள்ளை பெத்துக்கலாம். உன் பிள்ளைக்கு இந்தக் கடுமையான நோய் வராது. ஆனா அவனும் கேரியரா இருக்கலாம், அவன் கல்யாண வயசுல இதைச் சொல்லணும்.' இதை மெதுவாகச் சொல்லி, அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இருவரும் கேரியர் என்றால் மேசையில் நான்கு பொத்தான்களை வையுங்கள். கணவனுக்கு ஒரு வெள்ளை ஒரு சிவப்பு, மனைவிக்கு ஒரு வெள்ளை ஒரு சிவப்பு. சிவப்புதான் நோயின் மரபணு. ஆளுக்கு ஒன்றைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சிவப்பு விழுந்தால் அதுதான் நோய். நாலில் ஒரு வாய்ப்பு நோய்க்கு, இரண்டு வாய்ப்பு கேரியருக்கு, ஒன்று எதுவும் இல்லாததற்கு. எடுத்த பொத்தான்களைத் திரும்ப வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். 'முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது என்பதை வார்த்தையில் சொல்வதைவிட அவர்கள் கையே காட்டிக்கொடுக்கும்.

நோய் என்றால் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழுத் தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மாதா மாதம் போய்வருகிற குடும்பத்துக்கு அது என்ன என்று உங்களுக்கே தெரியும். அதே நேரம், நல்ல சிகிச்சை பெற்று வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிற தலசீமியாக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் வழிகள். இயற்கையாகப் பிள்ளை பெற்று, வருவதை ஏற்றுக்கொள்ளலாம். கர்ப்பமான பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலோ பரிசோதிக்கலாம். அதன் பிறகு என்ன செய்யலாம் என்பதில் சட்டம் வைத்திருக்கும் எல்லையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்து வைக்கலாம், ஆனால் அதற்குப் பல்லாயிரம் வெள்ளி வேண்டும். தத்து எடுக்கலாம். இருக்கிற பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் கல்யாணம் ஆகாத ஜோடி என்றால், கட்டுவதா வேண்டாமா என்பதும் அவர்கள் கையில்தான்.

'நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க மிசி?' என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். நம் பேச்சுக்குத் தோட்டத்தில் எடை அதிகம், வெள்ளை உடுப்பு சொன்னது கட்டளையாகிவிடும். 'உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?' என்று திருப்பிக் கேளுங்கள். அங்கிருந்து அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

எட்டாம் படி: மேலே அனுப்புவது

கிளினிக் மருத்துவரிடமிருந்து குடும்ப மருத்துவ நிபுணருக்கு, அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு, மரபணு நிபுணர் வேண்டும் என்றால் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபணுப் பிரிவு போன்ற இடங்களுக்கு. நாட்டில் இந்த நிபுணர்கள் குறைவு, தவணை நாள் தள்ளித்தான் கிடைக்கும். கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதற்காகவும்தான். காத்திருக்கும் காலத்துக்குக் கருத்தடை கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

கடிதத்தோடு குடும்ப மரத்தின் நகலையும் இருவரின் இரத்த முடிவுகளையும் சேர்த்து அனுப்பினால், அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. போக்குவரத்துச் செலவு தாங்காது என்றால் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது, கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஐசி இல்லாதவர்களுக்கும் சிவப்பு ஐசி வைத்திருப்பவர்களுக்கும் கட்டணம் வேறாக இருக்கலாம். ஒரு வெள்ளி கொடுத்துப் பழகிய ஊரில், அங்கே போய்ப் பெரிய பில்லைப் பார்த்தால் அப்படியே திரும்பி வந்துவிடுவார்கள். கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும், பூட்டி வைக்கிற அலமாரியில். யாருக்கு எப்போது இரத்தம் எடுத்தது, முடிவு வந்ததா, சொல்லப்பட்டதா, அடுத்து எப்போது கூப்பிட வேண்டும். எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். கைப்பேசி மாமியாரிடமோ கணவனிடமோ இருக்கும் வீடுகள் உண்டு. 'கிளினிக்லேர்ந்து பேசுறோம், மாத்திரை வாங்க வரச் சொல்லுங்க' என்பதற்கு மேல் வேறு யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒருவர் கேரியர் என்று தெரிந்தால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே கேரியர் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவர்களுக்கு நாமாகப் போய்ச் சொல்லக் கூடாது. அவளிடம் அனுமதி கேளுங்கள். 'உன் தங்கச்சிக்கு நீயே சொல்றியா, இல்ல அவளைக் கூட்டிக்கிட்டு வர்றியா?' சொல்கிறேன் என்றால், 'தலசீமியாவுக்கு இரத்தம் பார்க்கவும்' என்று மட்டும் மலாயில் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். தங்கை வேறு தோட்டத்தில், வேறு மாநிலத்தில் இருந்தாலும் பக்கத்தில் உள்ள எந்த அரசாங்கக் கிளினிக்கிலும் அதைக் காட்டலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது மறுபடி ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.